போவின் ‘சிவப்பு மரண’க் கதையில் சாவு ஏன் தப்ப முடியாததாகத் தெரிகிறது? சொல்லும் குறியீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோதிக் கதைகள் (அச்சமும் மர்மமும் நிறைந்த ஒரு கதை வகை) சாவை எப்படித் தப்ப முடியாததாகக் காட்டுகின்றன என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் இருள், இடிந்த கோட்டை, காக்கை, கல்லறை என்று ஒரு பட்டியல்தான் மிஞ்சும். அதனால் இங்கே ஒரே ஒரு கதையை எடுத்து வரிவரியாகப் பார்க்கிறோம்: அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதிய ‘தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்’. மூலம் சுமார் 2,400 சொற்கள்தான், கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதை என்ன, சுருக்கமாக?

ஒரு நாட்டை ‘சிவப்பு மரணம்’ என்ற கொள்ளைநோய் சூறையாடுகிறது. கடும் வலி, திடீர்த் தலைசுற்றல், பிறகு தோலின் துளைகள் வழியே ரத்தம். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். குடிமக்களில் பாதிப்பேர் செத்த பிறகு, இளவரசன் ப்ராஸ்பெரோ நோயில்லாத ஆயிரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கோட்டைபோல் கட்டிய ஒரு மடாலயத்துக்குள் போய்விடுகிறான். இரும்புக் கதவுகளின் தாழ்ப்பாள்களை உலை மூட்டிப் பற்றவைத்து விடுகிறார்கள். ஐந்தாவது அல்லது ஆறாவது மாதத்தில், ஏழு நிறங்களில் அலங்கரித்த ஏழு அறைகளில் மாறுவேட விருந்து நடக்கிறது. கடைசி அறையில் ஒரு பெரிய கருங்காலிக் கடிகாரம் மணிதோறும் அடிக்கிறது. நள்ளிரவில், அந்த நோயில் செத்த பிணம்போல் வேடமிட்ட ஓர் உருவம் கூட்டத்தில் நிற்பதைப் பார்க்கிறார்கள். இளவரசன் கத்தியோடு அதைத் துரத்திக் கடைசி அறையில் செத்து விழுகிறான். மற்றவர்கள் பாய்ந்து பிடித்தால் போர்வைக்குள் ஆளே இல்லை. ஒருவர் விடாமல் எல்லோரும் சாகிறார்கள்.

சாவு எந்தக் கதையில்தான் வராது? கோதிக்கில் மட்டும் என்ன தனி?

போர்க் கதையில் சாவு தற்செயல். குண்டு ஓரடி தள்ளி விழுந்திருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்று வாசகருக்குத் தோன்றும். கோதிக் கதை அந்த ‘இருந்தால்’ என்ற வாசலை முதலிலேயே அடைத்துவிடும். இந்த வகையின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஹோரஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ (1764) அதற்கு ஒரு பழைய தீர்க்கதரிசனத்தைப் பயன்படுத்தியது. கோட்டையின் உண்மையான உரிமையாளர் அதற்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகும்போது இப்போதைய குடும்பம் அதை இழக்கும் என்பது அந்த வாக்கு. மகனின் திருமண நாளிலேயே ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து அவனை நசுக்குகிறது.

போவின் கதையில் தீர்க்கதரிசனம், சாபம், பாட்டன் செய்த பாவம் எதுவுமே கிடையாது. விதி என்ற சொல்லை வைத்துப் பயமுறுத்தவும் இல்லை. ஒரு கடிகாரமும் வினைச்சொற்களும் அறைகளின் வரிசையும் அந்த வேலையைச் செய்கின்றன. நிறங்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நம் பார்வையில் நிறத்தைவிடக் காலமும் இலக்கணமுமே இந்தக் கதையில் ஆளைக் கொல்கின்றன.

முதல் பத்தியில் எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

முதல் வாக்கியத்தின் காலத்தைப் பாருங்கள். நோய் நாட்டை நெடுநாளாக அழித்துக்கொண்டிருந்தது என்றுதான் கதை ஆரம்பிக்கிறது. அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சே இல்லை. ஆரம்பம் தெரியாததை எப்படி நிறுத்துவது?

அடுத்து, நோயை விவரிக்கும் சொற்கள். ரத்தமே அதன் அவதாரம், ரத்தமே அதன் முத்திரை என்கிறார் போ. சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘அவதார்’ என்ற சொல்லையே வைக்கிறார். தெய்வம் உடலெடுத்து வருவதைக் குறிக்கும் சொல் இது. கடைசியில் ஓர் உருவம் நடந்து வரப்போவதற்கு முதல் பத்தியிலேயே வித்து விழுந்துவிட்டது. முத்திரை என்பது அரசாணையின் சொல். கடைசி வாக்கியத்தில் இருளும் அழிவும் சிவப்பு மரணமும் எல்லையற்ற ஆட்சி செலுத்துகின்றன என்று முடியும்போது இந்த அரசாணைச் சொல் அதோடு போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, அறிகுறிகள்: வலி, தலைசுற்றல், முகத்தில் செந்நிறக் கறை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நோய் இல்லாத இடங்களிலும் இதே சொற்கள் தலைகாட்டும்.

அப்படி எங்கே தலைகாட்டுகின்றன?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், கதையின் நுட்பமான வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு மணிக்கும் கடிகாரம் அடிக்கும்போது, தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளிறிப்போகிறார்கள். அவர்களைக் குறிக்கப் போ எடுத்த ஆங்கிலச் சொல் ‘கிடியஸ்ட்’. உற்சாகத்தில் மிதப்பவர் என்றும் தலைசுற்றுபவர் என்றும் அதற்கு இரண்டு பொருள் உண்டு. தலைசுற்றல்தான் நோயின் இரண்டாவது அறிகுறி. வயதானவர்கள் அப்போது நெற்றியைத் தடவிக்கொள்கிறார்கள். நெற்றி என்ற சொல் இங்கே முதல்முறை வருகிறது.

கூட்டம் நிறைந்த ஆறு அறைகளிலும் வாழ்வின் இதயம் துடித்தது என்ற வரியில், அது காய்ச்சல் வேகத்தில் துடித்தது என்கிறார். நோயைத் தப்பி வந்தவர்களின் கொண்டாட்டத்தைச் சொல்லவும் நோயாளியின் சொல்தான் கிடைத்திருக்கிறது.

உருவம் தோன்றும்போது அதன் அகன்ற நெற்றியிலும் முகத்திலும் செந்நிறப் பயங்கரம் தெளித்திருக்கிறது. நெற்றி இரண்டாம் முறை. அதைப் பார்த்த இளவரசனின் உடல் முதலில் வலிப்பு வந்ததுபோல் நடுங்குகிறது, அடுத்த கணம் அவன் நெற்றி கோபத்தில் சிவக்கிறது. நெற்றி மூன்றாம் முறை, அதுவும் சிவப்போடு. கோபத்தால் சிவந்தது என்றுதான் கதை சொல்கிறது. ஆனால் முகச் சிவப்பு எதன் அடையாளம் என்பது முதல் பத்தியிலிருந்தே வாசகருக்குத் தெரியும். உருவம் அவனை நெருங்குவதற்கு முன்பே அவன் முகத்தில் கறை விழுந்துவிட்டது.

இவற்றில் எதையும் போ விளக்கவில்லை. ஒரே சொல்லை மூன்று இடங்களில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஏழு அறைகளின் நிறங்களுக்கு என்ன பொருள்?

வரிசை இது: நீலம், ஊதா, பச்சை, ஆரஞ்சு, வெள்ளை, கத்தரிப்பூ நிறம், கறுப்பு. நீல அறை கிழக்குக் கோடியில், கறுப்பு அறை மேற்குக் கோடியில். இரண்டாவதும் ஆறாவதும் வேறு வேறு நிறங்கள். அவசரத்தில் இரண்டையும் ஊதா என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை.

நீலம் பிறப்பு, ஊதா குழந்தைப் பருவம், பச்சை இளமை, ஆரஞ்சு நடுவயது, வெள்ளை முதுமை என்று ஒரு அட்டவணை வழிகாட்டி நூல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கதையில் அப்படி ஒரு வரியும் இல்லை. வாசகர்கள் பின்னால் போட்ட கணக்கு அது. கிழக்கிலிருந்து மேற்குக்கு என்ற திசையும், கடைசியில் கறுப்பு என்ற முடிவும் வாழ்நாளை நினைவூட்டுவது உண்மைதான். அதற்காக ஆரஞ்சு என்றால் நாற்பது வயது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது. உருவகக் கதைகளை ஆதரித்துச் சொல்ல உருப்படியான ஒரு வார்த்தைகூட அநேகமாக இல்லை என்று 1847-இல் சக அமெரிக்க எழுத்தாளர் ஹாதோர்னைப் பற்றிய கட்டுரையில் எழுதியவர் போ. அட்டவணை போடும் முன் அதை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

உரையில் உறுதியாக இருப்பது வேறு ஒன்று. முதல் ஆறு அறைகளில் ஜன்னல் கண்ணாடியின் நிறமும் அறையின் அலங்கார நிறமும் ஒன்றே. ஏழாவதில் மட்டும் மாறுகிறது: அறை கறுப்பு வெல்வெட், கண்ணாடி ரத்தச் சிவப்பு. அறைகளுக்குள் விளக்கோ மெழுகுவர்த்தியோ கிடையாது. வெளித் தாழ்வாரத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் எதிரே முக்காலியில் தீச்சட்டி எரிகிறது, வெளிச்சம் கண்ணாடி வழியாக மட்டுமே உள்ளே வரும். ஆகவே கறுப்பு அறைக்குள் நுழையும் எவர் முகத்திலும் ரத்த நிறம் விழும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அங்கே போகத் துணிந்தவர்கள் மிகச் சிலர். முகத்தில் சிவப்பு எதன் அறிகுறி என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: அந்த அறை கறுப்புத் துணியால் ‘ஷ்ரௌடட்’ என்கிறார், பிணத்துக்குப் போர்த்துவதைச் சொல்லும் வினை. பிறகு உருவம் தலைமுதல் கால்வரை மயான உடையில் மூடியிருந்தது என்னும்போதும் அதே சொல். அறைக்கும் உருவத்துக்கும் ஒரே போர்வை. அந்த அறையை அப்படி அலங்கரித்தது யார்? இளவரசனின் சொந்த ரசனைதான். நோய்க்கு அஞ்சி உள்ளே வந்தவன் தன் கையாலேயே அதன் அறையைக் கட்டி வைத்திருக்கிறான்.

அறைகள் ஏன் நேர்கோட்டில் இல்லை?

இருபது முப்பது கெஜத்துக்கு ஒருமுறை வழி சட்டென்று திரும்புகிறது. ஒரு நேரத்தில் ஓர் அறைக்கு மேல் பார்க்க முடியாது. முடிவு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், நிற்கிற இடத்திலிருந்து அது கண்ணில் படாது, அவ்வளவே.

கருங்காலிக் கடிகாரம் அவ்வளவு முக்கியமா?

கதையில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அது நிற்கும் இடம் கறுப்பு அறையின் மேற்குச் சுவர். ஊசல் மந்தமாக, கனமாக, ஒரே மாதிரி ஆடுகிறது. மணியடிக்கும்போது அதன் வெண்கல நுரையீரலிலிருந்து ஒலி வருகிறது. நுரையீரல் என்ற சொல்லைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் கடிகாரத்தின் குரல் என்கிறார், முடிவில் கடிகாரத்தின் உயிர் போயிற்று என்கிறார். மனிதர்களுக்குக் கனவுகள் என்று பெயர் (ஏழு அறைகளிலும் கனவுகளின் கூட்டம் உலவியது என்பது கதையின் வரி), இயந்திரத்துக்கோ நுரையீரல், குரல், உயிர். யார் உயிருள்ளவர், யார் நிழல் என்ற கணக்கு சொல்லளவிலேயே தலைகீழாகிவிடுகிறது.

ஒலி எப்படிப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. தெளிவான, உரத்த, ஆழமான, மிக இனிய ஒலி என்றுதான் வருகிறது. அலறலோ ஊளையோ கிடையாது. இனிமையாக இருந்தும் வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்துகிறார்கள், ஆடுபவர்கள் நிற்கிறார்கள். எதிரொலி அடங்கியதும் எல்லோரும் லேசாகச் சிரித்து, அடுத்த முறை இப்படி நிற்கக் கூடாது என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அறுபது நிமிடம் போகிறது. அடைப்புக்குறிக்குள் போ சொல்கிறார்: பறந்தோடும் காலத்தின் 3,600 விநாடிகள். மறுபடி மணி, மறுபடி அதே தயக்கம். தீர்மானம் போட்டும் உடல் கேட்கவில்லை. ‘தவிர்க்க முடியாதது’ என்ற சொல்லை எங்கும் எழுதாமல் அந்த உணர்வை உண்டாக்குவது இந்தத் திரும்பத் திரும்ப நிகழும் நிறுத்தம்தான்.

இங்கே ஓர் எண் கணக்கும் இருக்கிறது. இது எந்த நாடு, எந்த ஆண்டு, மடாலயத்தின் பெயர் என்ன என்று எதுவும் சொல்லாத கதை, காலத்தை மட்டும் அளந்து தருகிறது: நோய்க்கு அரை மணி, அடைபட்டது ஐந்தாறு மாதம், 60 நிமிடம், 3,600 விநாடி, நள்ளிரவின் 12 மணியடி. மதிலுக்குள் நோய் வராமல் தடுக்க முடிந்தது. காலத்தை வெளியே நிறுத்தும் கதவு எந்தக் கோட்டையிலும் கிடையாது. அதைக் கடிகாரமாக உள்ளேயே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த உருவம் எப்போது உள்ளே வந்தது?

கதை சொல்லவே இல்லை. தேர்வில் ‘நள்ளிரவில் உருவம் உள்ளே நுழைந்தது’ என்று எழுதினால் அது பிழை.

நள்ளிரவில் பன்னிரண்டு முறை அடிக்க வேண்டியிருந்ததால் நிறுத்தம் நீண்டது, யோசிக்க அவகாசம் கிடைத்தது, அதனால் ‘ஒருவேளை’ பலரும் அதுவரை யார் கவனத்திலும் படாத ஒரு முகமூடி உருவம் இருப்பதை உணர்ந்தார்கள். வினை ‘நுழைந்தது’ என்று வரவில்லை, ‘இருப்பதை உணர்ந்தார்கள்’ என்று வருகிறது. கடைசிப் பத்தியில் திருடன் இரவில் வருவதுபோல் அவன் வந்துவிட்டிருந்தான் என்று முற்றுப்பெற்ற காலத்தில் சொல்கிறார். எப்போது என்று அங்கேயும் கிடையாது. விருந்து தொடங்கும்போதே இருந்திருக்கலாம், தாழ்ப்பாளைப் பற்றவைக்கும்போதே உள்ளே இருந்திருக்கலாம். வாசலைக் காவல் காத்தால் தப்பலாம் என்ற நம்பிக்கையை இலக்கணமே உடைத்துவிடுகிறது.

தாழ்ப்பாள் பற்றிய வரியையும் திரும்பிப் பாருங்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வைக்கக் கூடாது என்பதே அவர்கள் முடிவு. உள்ளே இருப்பவர்களுக்குத் திடீரென்று விரக்தியோ வெறியோ வந்தாலும் தப்பிக்க முடியாது. அதைப் பாதுகாப்பு என்றே எண்ணிச் செய்கிறார்கள்.

துரத்தும் காட்சியில் யார் யாரைத் துரத்துகிறார்கள்?

பலர் மரணம் இளவரசனைத் துரத்திப் பிடித்தது என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். உருவம் அவனுக்கு ஒரு கெஜ தூரத்தில் கடந்து மேற்கே நடக்கிறது. கூட்டம் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுகிறது. அதன் நடை அளந்து வைத்த, கம்பீரமான நடை, ஊசலின் தாளம் போல. இளவரசன் தன் கோழைத்தனத்துக்கு வெட்கப்பட்டு ஆறு அறைகளையும் ஓடிக் கடக்கிறான். அவன் மூன்று நான்கு அடி தூரத்தில் நெருங்கும்போது உருவத்துக்குப் போ தரும் அடைமொழி ‘பின்வாங்கும்’. மரணம் பின்வாங்குகிறது, மனிதன் விரட்டுகிறான், விரட்டியே கறுப்பு அறைக்கு வந்து சேர்கிறான்.

உருவம் செய்வது திரும்பிப் பார்ப்பது மட்டும். ஒரு கூர்மையான அலறல், கறுப்புக் கம்பளத்தில் பளபளத்து விழும் கத்தி, பிறகு இளவரசன். குத்தியது, தொட்டது, அடித்தது என்று ஒரு வினையும் உருவத்தின் பெயரில் இல்லை.

துரத்துவதற்குச் சற்று முன் அவன் போடும் ஆணையையும் விட்டுவிடக் கூடாது. இவனைப் பிடித்து முகமூடியைக் கழற்றுங்கள், சூரிய உதயத்தில் கோட்டை மதிலில் யாரைத் தூக்கிலிடுவது என்று தெரியட்டும் என்கிறான். அதைச் சொல்லும்போது அவன் நிற்பது கிழக்கு அறையில். அடுத்த உதயம் தனக்கு உண்டு என்று கணக்குப் போட்டவன் அங்கிருந்து மேற்கே ஓடுகிறான்.

கடைசிப் பத்தி ஏன் ‘மேலும், மேலும்’ என்று போகிறது?

அந்தப் பத்தியில் ஆறு வாக்கியங்கள். ஐந்து ‘ஆண்ட்’ என்ற இணைப்புச் சொல்லில் தொடங்குகின்றன. ‘ஆனால்’ ஒன்றும் இல்லை, ‘ஏனெனில்’ ஒன்றும் இல்லை. ‘ஆனால்’ வந்தால் விலக்கு இருக்கும், ‘ஏனெனில்’ வந்தால் காரணம் இருக்கும், காரணம் இருந்தால் தடுத்திருக்கலாமே என்று தோன்றும். வெறும் அடுக்கில் அந்த இடைவெளி கிடையாது. ஆங்கில விவிலியத்தின் நடையும் இதுதான். திருடன் இரவில் வருவதுபோல் என்ற உவமையும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது.

இறுதி வாக்கியத்தில் இருள், அழிவு, சிவப்பு மரணம் மூன்றும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், ஆட்களின் பெயர்போல். மனிதர்களில் பெயர் உள்ள ஒரே ஆளான ப்ராஸ்பெரோ ஏற்கெனவே போய்விட்டான்.

ப்ராஸ்பெரோ என்ற பெயர் ஷேக்ஸ்பியரிலிருந்தா?

‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தின் மந்திரவாதிப் பிரபுவின் பெயர் அது, செழிப்பு என்ற பொருளும் அதற்குள் உண்டு. அந்த நாடகத்தில் அவனுடைய அடிமை காலிபன் விடும் சாபத்தில் ‘சிவப்புக் கொள்ளைநோய்’ வருகிறது. இதைக் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் இழுத்தால் நாடகத்தைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

போவின் மனைவிக்குக் காசநோய் இருந்ததுதான் கதைக்குக் காரணமா?

வர்ஜீனியா 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து ரத்தம் வந்தது. கதை அதே ஆண்டு மே மாதம் ‘கிரகாம்ஸ்’ இதழில் வெளியானது. வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரி 30. தேதிகள் நெருக்கமானவை, ரத்தமும் பொதுவானது. அதற்காகச் சிவப்பு மரணம் என்றால் காசநோய் என்று சமன்பாடு எழுதிவிடக் கூடாது. காசநோய் ஆண்டுக்கணக்கில் தின்னும், கதையின் நோய்க்கு அரை மணி போதும்.

வேகத்தில் ஒத்துப்போவது காலராதான். 1832-இல் பாரிசில் காலரா பரவியபோது திருவிழா வேடத்தில் இருந்தவர்களே சுருண்டு விழுந்ததை ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டு பாரிசிலிருந்து எழுதிய அமெரிக்கர் என். பி. வில்லிஸ், ஒரு நடன விருந்துக்கு ஒருவர் காலரா வேடத்திலேயே வந்ததை எழுதினார். கதையின் கருவுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

‘ஆஷர் மாளிகையின் வீழ்ச்சி’யோடு ஒப்பிட்டு எழுதச் சொல்கிறார்களே?

நல்ல ஜோடி. 1839-இல் வந்த அந்தக் கதையில் கடிகாரத்தின் வேலையை ஒரு விரிசல் செய்கிறது. கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் மெல்லிய விரிசல், கூரையிலிருந்து கோணல்மாணலாக இறங்கி ஏரித் தண்ணீரில் மறைகிறது. முடிவில் அது அகன்று, அதன் வழியே ரத்தச் சிவப்பு நிலா தெரிய, மாளிகை இரண்டாகப் பிளந்து ஏரிக்குள் போகிறது.

சொல்லளவில் வேறுபாடு இதுதான்: ஆஷர் கதை முதல் வாக்கியத்திலேயே ‘டல், டார்க், சவுண்ட்லெஸ்’ (மந்தமான, இருண்ட, ஓசையற்ற) என்று மூட்டத்தைக் கவித்துவிடும். ப்ராஸ்பெரோவின் விருந்தோ வண்ணமும் இசையும் மதுவுமாகக் களைகட்டியிருக்கும். ஒன்றில் சாவு ஆரம்பத்திலிருந்தே காற்றில் இருக்கிறது, மற்றதில் கொண்டாட்டத்தின் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒப்பீட்டை இந்த ஒரு புள்ளியில் நிறுத்தினாலே இரண்டு பக்கம் வரும்.

எல்லோரும் செத்துவிட்டால் கதையைச் சொல்வது யார்?

இளவரசன் விருந்து வைத்த அறைகளை முதலில் சொல்கிறேன், நான் சொன்னதுபோல் இசை நின்றது, நான் தீட்டிய இந்த உருவங்களின் கூட்டத்தில் என்று இடையிடையே ஒரு ‘நான்’ எட்டிப்பார்க்கிறது. அது மரணமேதான் என்று சிலர் வாசிக்கிறார்கள். கவர்ச்சியான வாசிப்பு, ஆனால் உரையில் அதற்கு வலுவான பிடி இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது குரலின் தொனி: எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்லும் அந்தக் குரல், உருவத்தைக் கவனிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு முறை ‘ஒருவேளை’ போடுகிறது. இன்னொன்று: அதுவரை இறந்தகாலத்தில் போன கதை, நள்ளிரவுக்குச் சற்று முன் சில வரிகள் நிகழ்காலத்துக்கு மாறி (இசை எழுகிறது, கனவுகள் நெளிகின்றன, இரவு கரைகிறது) மறுபடி இறந்தகாலத்துக்குத் திரும்பும். வாசகரும் அந்த நேரத்துக்கு அறைக்குள் நின்றுவிடுகிறார்.

தேர்வுக்கோ கட்டுரைக்கோ எப்படித் தயார் செய்வது?

மூன்று வாசிப்பு போதும். முதல் வாசிப்பில் ஒன்றையும் குறிக்காதீர்கள். இரண்டாவதில் காலம் காட்டும் சொற்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நிறத்தில் அடிக்கோடு: மாதம், மணி, நிமிடம், உதயம், நள்ளிரவு. மூன்றாவதில் இன்னொரு நிறத்தில் உடல் உறுப்புகளும் நோய்ச் சொற்களும்: நெற்றி, முகம், நுரையீரல், இதயம், காய்ச்சல், நடுக்கம். இரண்டு நிறமும் ஒரே பத்தியில் நெருக்கமாக விழும் இடங்கள்தான் உங்கள் மேற்கோள்கள். நான்கு மேற்கோள் போதும், ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் இந்த மாதிரி வாக்கியம்: ‘கறுப்பு அறை மரணத்தின் குறியீடு, எனவே மரணம் தவிர்க்க முடியாதது.’ முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டாம் பாதி அதிலிருந்து வரவில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கறுப்பு அறையின் செந்நிறக் கண்ணாடி, நுழைபவர் முகத்தில் நோயின் கறை போன்ற வெளிச்சத்தை வீசுகிறது. விருந்தினர் அந்த அறையைத் தவிர்க்கிறார்கள், ஆனால் அங்கிருந்து வரும் மணியொலியைத் தவிர்க்க அவர்களால் முடியவில்லை.’ குறியீடு என்ற சொல்லே இல்லாமல் அதன் வேலை விளங்கிவிடுகிறது.

ஒரு பொருள் குறியீடுதானா என்ற சந்தேகம் வந்தால் மூன்றைச் சோதியுங்கள். குறைந்தது மூன்று முறை வருகிறதா? திருப்பம் நிகழும் இடத்தில் இருக்கிறதா? கதையின் ஆரம்பத்தில் இருந்ததிலிருந்து முடிவில் மாறியிருக்கிறதா? கடிகாரம் மூன்றிலும் தேறும். ஆரஞ்சு அறை ஒன்றில்கூடத் தேறாது.

நானே இப்படி ஒரு கதை எழுதினால்?

போவின் அளவுகளைக் கவனியுங்கள். கடிகாரம் வருவது கதையில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகு, உருவம் வருவது பாதிக்கு மேல் போன பிறகு. புதிதாக எழுதுபவர்கள் முதல் பத்தியிலேயே ஆந்தையையும் மயானத்தையும் கொண்டுவந்துவிடுவதால் பின்னால் ஏற்ற எதுவும் மிச்சமிருக்காது.

ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்து ஐந்தாறு முறை திரும்பக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று கூட வேண்டும்: முதலில் ஒலி, பிறகு அதைக் கேட்டவர்களின் முகம், பிறகு நீளம், கடைசியில் நிறுத்தம். ‘விதி’, ‘எமன்’, ‘முடிவு’, ‘தப்ப முடியாது’ போன்ற சொற்களை முதல் வரைவு முடிந்ததும் தேடி எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பயம் குறைந்துவிட்டால் அது சொற்களில் மட்டும் இருந்திருக்கிறது, நிகழ்வில் இல்லை என்று பொருள். சாவைக் கொண்டுவரும் பாத்திரத்துக்குத் தாக்கும் வினைகளைத் தராதீர்கள். சாகப்போகிறவருக்கு எல்லா வினைகளையும் கொடுங்கள்: கட்டுகிறான், பூட்டுகிறான், ஆணையிடுகிறான், ஓடுகிறான்.

எந்தப் பதிப்பைப் படிப்பது?

1845 ஜூலை 19 அன்று ‘பிராட்வே ஜர்னல்’ இதழில் போ திருத்தி வெளியிட்ட வடிவம்தான் பெரும்பாலான தொகுப்புகளில் இருப்பது. 1842-இல் தலைப்பில் இருந்த சொல் (Mask) முகமூடியை மட்டும் குறித்தது, 1845-இல் எழுத்தை மாற்றி (Masque) மாறுவேட விருந்தையும் சேர்த்துக் குறிக்கும்படி செய்தார். மேற்கோள் காட்டும்போது எந்த ஆண்டு வடிவம் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.